யார் போட்ட சோறு

ஏப்ரல் 4
பட்டறை, கீழ்த்தளம்

அக்கா,

'அன்புள்ள' என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். பிறகு அடித்துவிட்டேன். இப்போது உன்மேல் எனக்கு இருப்பது கோபம்தான். கேப்டனுக்கு எழுதுகிறேனா, கூடப் பிறந்தவளுக்கு எழுதுகிறேனா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

உலைகளின் இரைச்சலில் இங்கே ரேடியோ எடுபடவில்லை. எடுபட்டாலும் ஒட்டுக்கேட்பார்கள். வேலை முடியும்வரை நான் மேலே வரக்கூடாது, நீங்கள் கீழே வரக்கூடாது என்று, நோய் தொற்றும் என்ற பயத்தில் நம் டாக்டர் போட்ட தடை வேறு. சாப்பாட்டுப் பெட்டிக்கு மட்டும் தடை இல்லை என்பதால் அதன் மூடிக்குள் இதை மடித்து வைத்து அனுப்புகிறேன்.

நீ என்னிடம் என்ன சொன்னாய்? 'இந்தக் கிரகத்துக்காரர்கள் தங்கமானவர்கள். நம் கப்பலின் வெப்பத் தகடு விரிசல் விட்டதைப் பார்த்து, எதுவும் தர வேண்டாம், புதிதாக அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். நீ போய்ப் பக்கத்தில் நின்று அளவு சரியாக வருகிறதா என்று பார்.' நானும் தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடித்துத் தருவது யார் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நம் சமையல் மாஸ்டர் இவர்களுக்கு 'மாப்பிள்ளைகள்' என்று வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது இங்கே வந்தால்தான் தெரியும். ஆள் நம்மைப் போல இரண்டு மடங்கு உயரம், ஈரக் கருங்கல் மாதிரித் தோல், ஆறு கை. ஆறும் எப்போதும் மடியில்தான் இருக்கும். ஒரு கதவைக்கூட இவர்கள் தாமாகத் திறந்து நான் பார்க்கவில்லை. நெஞ்சில் தொங்கும் பேச்சுப் பெட்டி மட்டும் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி மரியாதையாகப் பேசிக்கொண்டே இருக்கும்: "தயவுசெய்து தூக்குங்கள். தயவுசெய்து ஊற்றுங்கள்."

தூக்குவதும் ஊற்றுவதும் மனிதர்கள், அக்கா. நம்மைப் போன்ற மனிதர்கள், நூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொரு கழுத்திலும் இரும்பு வளையம். நம் பேச்சைத்தான் பேசுகிறார்கள். இவர்களுடைய தாத்தாக்களும் பாட்டன்களும் நம்மைப் போலக் கப்பலைப் பழுது பார்க்க இங்கே இறங்கியவர்களாம். எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

எனக்குப் பக்கத்து உலையில் ஒரு அம்மாள் இருக்கிறாள். உன்னைவிடப் பத்து வயது மூத்தவள். பெயர் சொல்ல மாட்டேன் என்றதால் சிடுமூஞ்சி என்று கூப்பிடுகிறேன். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

"உங்களுக்கு லீவு எப்போம்மா?"

"அப்படின்னா?"

"வேலைக்கு வராத நாளு."

"செத்தா வர மாட்டோம்."

சிரிக்காமல் சொல்லிவிட்டு இடுக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்த ஆட்கள் அடித்துத் தரும் தகட்டைப் பூட்டிக்கொண்டு, நன்றி சொல்லிக் கையை ஆட்டிவிட்டுப் பறந்துபோக எனக்கு மனம் வராது. நீ என்ன செய்யப் போகிறாய் என்று எழுது.

தம்பி


ஏப்ரல் 5
கப்பல்

தம்பி,

கேப்டனாகவே எழுதுகிறேன். அதுதான் உனக்கு உறைக்கும்.

நான் பார்க்கவில்லை என்றா நினைக்கிறாய்? முதல் நாள் அவர்கள் வைத்த விருந்தில் தட்டு ஏந்தி வந்தவர்கள் கழுத்திலும் அந்த வளையம் இருந்தது. பார்த்தேன். பார்த்து என்ன செய்ய? இந்தக் கப்பலில் முப்பது பேர் இருக்கிறார்கள். விரிசல் விட்ட தகட்டோடு அடுத்த இடத்தில் இறங்கினால் முப்பதும் கரிக்கட்டை. ஆயுதம் என்று நம்மிடம் இருப்பது மாஸ்டரின் கரண்டி ஒன்றுதான். உன் கடிதத்தை என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, அந்தக் கரண்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறேன் என்று அவர் ஏற்கெனவே குதிக்கிறார். உன் ஒருவனையே சமாளிக்க முடியவில்லை, அவரையும் ஏற்றிவிடாதே.

தகடு முடியட்டும். இங்கிருந்து கிளம்பியதும் நாலு இடத்தில் சொல்வோம், புகார் கொடுப்போம். அதுதான் முறை. கோபம் வந்தால் உடனே சட்டையைக் கிழித்துக்கொண்டு நிற்க நீ என்ன இன்னும் பள்ளிக்கூடத்திலா இருக்கிறாய்? அம்மா உனக்குக் கொடுத்த செல்லத்தின் பலனை நான் இந்த வயதிலும் அனுபவிக்கிறேன்.

அவர்கள் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த நல்லெண்ணத்தை நீ கெடுக்காமல் இருந்தால் போதும். அளவைப் பார், வாயை மூடிக்கொள், உன் பெட்டிச் சோற்றை நீ சாப்பிடு. ஊருக்கெல்லாம் பந்தி வைக்காதே.

கேப்டன்


ஏப்ரல் 8
பட்டறை

கேப்டன் அவர்களுக்கு,

பந்தி வைத்துவிட்டேன். அதன் விளைவைக் கேள்.

நேற்று மத்தியானம் சிடுமூஞ்சி உலையடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். காலையில் அவர்களுக்குக் கஞ்சி வரவில்லையாம். யாரோ ஒரு வார்ப்பை உடைத்ததற்காகக் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டார்கள். இங்கே யாரையும் அடிப்பதில்லை, அக்கா. பூட்டினால் போதும். நான் என் பெட்டியைத் திறந்து பாதிச் சோற்றை நீட்டினேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். மேற்பார்வை மாப்பிள்ளை ஒருவன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். வாங்கிக் கடகடவென்று தின்றுவிட்டாள்.

தின்று முடித்ததும் அவன் அசைந்து அசைந்து வந்தான். அவள் வளையத்தில் தொங்கிய வில்லையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். "வாழ்த்துகள். இவர் இனி உங்களுடையவர்" என்றது பேச்சுப் பெட்டி. அவன் தொண்டையில் துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதுதான் இவர்கள் சிரிப்பாம்.

இவர்களுடைய சட்டம் மொத்தமும் இவ்வளவுதான். தன் சோற்றை யார் உனக்குப் போட்டாரோ, நீ அவருக்குச் சொந்தம். வேறொருவர் போட்டு நீ சாப்பிடும்வரை அப்படித்தான். சாப்பிட்டதை ஒரு மாப்பிள்ளை கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவே. கையெழுத்து, பத்திரம், வழக்கு எதுவும் கிடையாது.

நான் அவள்மேல்தான் பாய்ந்தேன்.

"ஏம்மா, தெரிஞ்சும் ஏன் வாங்கித் தின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பசிச்சுது. நீ நீட்டுன."

"இப்ப என்ன பண்றது?"

"அத நீதான் சொல்லணும். என்ன வேல?"

"ஒரு வேலையும் இல்ல. போங்க."

"எங்க?"

இரவு முழுக்க அவள் என் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் படுங்கள் என்றேன். "உத்தரவா?" என்றாள். உத்தரவு இல்லை என்றேன். அப்படியென்றால் வேண்டாம் என்றுவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வில்லையை உலையில் எறிந்தேன். காலையில் மாப்பிள்ளை மரியாதையாகப் புதிது ஒன்று கொண்டுவந்து கொடுத்தான்.

நான் ஒரு மனுஷியின் முதலாளி, அக்கா. எழுதும்போதே கை கூசுகிறது.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று காலையிலிருந்து இருக்கிறது. விருந்து வைத்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அதில் நீ சாப்பிட்டாயா? மரியாதைக்குத் தட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிட்டேன் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 9
கப்பல்

தம்பி,

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

டாக்டரும் என்னோடு வந்திருந்தார். அவருக்கு வயிறு சரியில்லை என்று எதையும் தொடவில்லை. அதனால் ஒரு லாபமும் இல்லை. கப்பலின் சோறு கேப்டன் பொறுப்பு, எனவே கேப்டன் போடுகிற சோறு. முப்பது பேரும் அதைத்தான் தின்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொந்தம் என்றால் என் சோற்றைத் தின்கிறவர்களும் அவர்களுக்குச் சொந்தம். இன்று காலை ஒரு பெரிய மாப்பிள்ளை வந்து இதையெல்லாம் உட்கார்ந்து விளக்கினான். உன் கடிதம் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?" என்று கத்தினேன். "நீங்கள் கேட்கவே இல்லையே" என்றது பெட்டி. அவன் பொய் சொல்லவில்லை. இவர்கள் இந்தச் சட்டத்தில் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை, தெரியுமா? கேட்டிருந்தால் கடைசி எழுத்துவரை சொல்லியிருப்பார்கள். அதை நினைத்தால்தான் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வளையம் என் மேசைமேல் இருக்கிறது. நானாக மாட்டிக்கொள்வேன் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என்னை உலைக்கு அனுப்ப மாட்டார்களாம். நான் கேப்டனாகவே இருக்கலாம். வேலை ஒன்றுதான்: கப்பல்கள் போய்வருகிற வழியில் நின்றுகொண்டு, 'இங்கே நல்ல பட்டறை இருக்கிறது, இலவசமாகப் பழுது பார்க்கிறார்கள், எங்களுக்குப் பார்த்தார்கள்' என்று என் குரலில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வருகிறவர்களுக்கு விருந்து வைப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சொன்னால் என் முப்பது பேர் கழுத்திலும் வளையம் ஏறாது. இல்லை என்றால் நாளைக்கே களஞ்சியப் பூட்டு நம் சமையலறைக்கும் வரும்.

நான் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முப்பது பேர் முகமும் கண்முன் வருகிறது. சரி என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. பதில் சொல்ல மூன்று நாள் கேட்டிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 10
பட்டறை

அக்கா,

சரி என்று சொன்னால் அன்றோடு நமக்குள் எல்லாம் முடிந்தது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். இந்த நூற்றுச் சொச்சம் பேருடைய பாட்டன்களை இங்கே வரவழைத்ததும் இப்படி எவனோ ஒருவனின் குரல்தான். அவனுக்கும் முப்பது பேர் முகம் கண்முன் வந்திருக்கும்.

அன்றைக்கு அந்த மாப்பிள்ளை ஏன் அப்படிச் சிரித்தான் என்று இப்போது விளங்குகிறது. சிடுமூஞ்சியை எனக்குக் கொடுத்ததில் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. இடது பையில் இருந்ததை வலது பையில் போட்டுக்கொண்டார்கள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. கேட்டுவிட்டு இடுக்கியைக் கீழே வைத்தாள். பிறகு, "உங்க அக்கா கப்பல்ல எத்தன பேரு நிக்கலாம்?" என்றாள்.

உலைகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. சூடு தாங்காமல் மாப்பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே சுவரில் வேர்க்கும் தண்ணீரில், சாம்பலிலும் புழுதியிலும் ஒரு கீரைப் பாத்தி போட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு பாட்டன் சட்டைப் பையில் கிடந்த விதை. மூன்று தலைமுறையாக வளர்க்கிறார்கள், யாரும் தின்றதில்லை. மாப்பிள்ளைகளின் மண் இல்லை, தண்ணீர் இல்லை, விதை இல்லை. அதைத் தின்கிறவன் தனக்குத் தானே சொந்தம், சட்டப்படி. பிறகு ஏன் தின்னவில்லை என்று கேட்டேன்.

"ஆளுக்கு ஒரு வாய் வரும். மறுநா பசிக்கும்ல? அவங்க கஞ்சியத்தான குடிக்கணும். குடிச்சா மறுபடி அவங்க ஆளு. தின்ன அன்னிக்கே வெளிய போற வழி இருக்கணும். கப்பல் வந்து நிக்கணும்."

வந்த கப்பல்களை எல்லாம் கேட்டிருக்கிறார்களாம். ஒரு கேப்டனும் ஏற்றிக்கொள்ளவில்லை. எல்லோரும் போய்ப் புகார் கொடுக்கிறோம் என்றுதான் சொன்னார்களாம். அதற்குள் விருந்தும் முடிந்திருக்கும்.

இதுதான் திட்டம். மேற்பார்வை மாப்பிள்ளை பார்க்க, எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் தின்பார்கள். அந்த நிமிஷமே அவர்கள் யாருக்கும் சொந்தமில்லை. சிடுமூஞ்சி தன் பங்கில் பாதியைக் கொண்டுவந்து உனக்கு ஊட்டுவாள். நீ அவள் ஆள் ஆகிவிடுவாய், கப்பலும் அதிலுள்ள சோறும் ஆட்களும் அவளுக்குப் போகும். மாப்பிள்ளைகள் சட்டத்தை மீற மாட்டார்கள், அது அவர்களுக்கு மூச்சு மாதிரி. எல்லோரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும், அக்கா. ஒருவர் விடாமல்.

தம்பி


ஏப்ரல் 11, காலை
கப்பல்

தம்பி,

தகடு பூட்டியாகிவிட்டது. டாக்டரிடம் கேட்டேன். பக்கத்து நிலையம் வரைக்கும் நெருக்கியடித்துக்கொண்டு, பேச்சைக் குறைத்துப் படுத்தே கிடந்தால் காற்று போதும் என்கிறார். ஆட்களிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாஸ்டர் என்னோடு பேசுவதில்லை, கரண்டியால் பாத்திரங்களோடு பேசிக்கொள்கிறார். பயணத்துக்குத் தயார், சரி.

ஆனால் ஒன்று. ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்கு மாறத்தான் சொல்கிறாய். அவள் யார் என்று எனக்குத் தெரியாது. கப்பல் கைக்கு வந்ததும் எங்களை இறக்கிவிட்டுத் தான் மட்டும் போகிறேன் என்றால்? சட்டம் அவள் பக்கம் இருக்குமே. வெளியே போனதும் என்னை விடுவித்துவிடுவதாக அவளிடம் ஒரு வார்த்தை வாங்கு. அது இல்லாமல் நான் வாய் திறக்க மாட்டேன். சொல்வது கேப்டன்.

அக்கா


ஏப்ரல் 11, மாலை
பட்டறை

அக்கா,

கேட்டேன். கேட்டதற்கே வெட்கப்பட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவங்களுக்குப் பயமா இருக்கா?"

"இருக்கும்மா."

"இருக்கட்டும். எனக்குப் பொறந்ததுலேருந்து இருக்கு. எனக்கு யாரு வார்த்த குடுத்தா? வேணும்னா வாயத் தொறக்கச் சொல்லு. வேணாம்னா அவங்க போட்டதயே தின்னுட்டு இருக்கச் சொல்லு."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. உன்மேல்தான் வந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றபோது அந்தக் கருங்கல் மூஞ்சியிடம் நீ வார்த்தை வாங்கினாயா? இவளிடம் மட்டும் எதற்கு?

நாளைக் காலை சரக்கு லிப்டில் ஆட்கள் வருவார்கள். கப்பல் கதவைத் திறந்து வை.

தம்பி


ஏப்ரல் 13
கப்பல், கிரகத்துக்கு வெளியே

அடேய்,

உன்னைக் கையில் கிடைத்தால் கன்னத்தில் நாலு அறை விடுவேன். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

எல்லோரும் ஏறினார்கள். சிடுமூஞ்சி வந்தாள். உள்ளங்கையில் கறுத்துப்போன கீரை. பெரிய மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க நான் வாயைத் திறந்தேன். அப்படி ஒரு கசப்பு. துப்பிவிடாமல் இருக்கக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பெட்டி, "வாழ்த்துகள்" என்றது. அந்த மாப்பிள்ளை நகர்ந்து வழிவிட்டான். நீ சொன்னது சரிதான், சட்டத்தை மீறவில்லை.

எண்ணிப் பார்த்தால் நீ இல்லை. அப்போதுதான் மேலே பார்த்தேன். கப்பல் நிற்கும் கூடத்தின் மேற்கூரைக் கதவு மூடியிருக்கிறது. அதைத் திறக்கிற சக்கரம் கீழே பட்டறையில் இருக்கிறது, கையால் சுற்ற வேண்டும், அதைச் சுற்றுகிறவர்கள் எல்லோரும் கப்பலில் ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளைகளிடம், "திறங்கள்" என்றேன். "தடை இல்லை, தாராளமாகத் திறந்துகொள்ளுங்கள்" என்றார்கள். ஆறு கையும் மடியில். கதவு அதுவாகத் திறக்க ஆரம்பித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

தான் இருந்து சுற்றுவதாகத்தான் சிடுமூஞ்சி முடிவு செய்திருந்தாளாம். கப்பல் உங்கள் பெயரில் வர வேண்டும், நீங்கள் போகாவிட்டால் எதுவும் நடக்காது என்று அவளைப் பிடித்து லிப்டுக்குள் தள்ளினாயாமே? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? சொன்னால் தடுப்பேன் என்று தெரியும். கெட்டிக்காரத்தனம்!

திரும்பி இறங்கலாம் என்றேன். இறங்கி ஏறினால் நிலையம்வரை காற்று போதாது என்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். இவர்களை இறக்கிவிட்டு நேரே வருகிறேன். மாதங்கள் ஆகும். அதுவரைக்கும் உயிரோடு இரு. இது உத்தரவு.

இந்தக் கடிதத்தை வைத்து ஆளில்லாத பார்சல் கலத்தை அனுப்புகிறேன். ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பினால் எங்களை எட்டிப் பிடிக்கும். மாஸ்டர் அழுதுகொண்டே சோறு கட்டினார். சிடுமூஞ்சி பிரிக்கச் சொல்லிவிட்டாள். "சோறு வேணாம். பாத்திய அவனுக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். அவன் சோத்த அவன் பாத்துக்கட்டும்" என்கிறாள். அதனால் உரச்சாக்கும் விதையும் மட்டும் வருகின்றன.

என்னை விட்டுவிடு என்று அவளிடம் கேட்டேன். "நான் உங்களப் பிடிக்கவே இல்லியே. ஒரு தட்டுல மண்ணப் போட்டு வெதைங்க. மொளச்சதும் தின்னுங்க" என்றாள். விதைத்திருக்கிறேன். அதுவரைக்கும் என்று அவள் ஒரே ஒரு உத்தரவுதான் போட்டிருக்கிறாள். போகிற வழியெல்லாம், எல்லாக் கப்பல்களுக்கும், இங்கே இறங்காதீர்கள் என்று என் குரலில் சொல்ல வேண்டும். விருந்தில் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். அதை விட்டுவிடலாமே என்று கெஞ்சினேன். அதைச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று மறுத்துவிட்டாள். மணிக்கு ஒரு முறை என் மானம் போகிறது.

பத்திரமாக இருடா.

அக்கா


ஏப்ரல் 17
பட்டறை

அன்புள்ள அக்கா,

உயிரோடுதான் இருக்கிறேன். மூன்று வேளையும், அவர்கள் ஆளுக்கு ஒரு வாய் கிள்ளியது போக மிஞ்சிய கீரை. இனிமேல் வாழ்நாளில் இலை என்று எதையும் என் தட்டில் வைக்காதே.

உன்னிடம் சொல்லாமல் செய்தது தப்புதான், இருந்தாலும் மறுபடியும் அப்படித்தான் செய்வேன். அதைப் பிறகு சண்டை போட்டுக்கொள்வோம். இப்போது இங்கே நடப்பதைக் கேள்.

உலைகள் எல்லாம் அணைந்துவிட்டன. மாப்பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பட்டறை இருக்கிறது, அங்கிருந்து ஆட்களை அனுப்பச் சொல்லிச் செய்தி போயிருக்கிறது. அவர்கள் நடந்து வந்து சேர நாளாகும். அதுவரை இவர்களுக்குச் சமைக்க ஆள் இல்லை. களஞ்சியம் நிறையத் தானியம் இருக்கிறது, இவர்கள் யாருக்கும் அடுப்பு எந்தப் பக்கம் என்று தெரியாது. முதல் நாள் என்னிடம் வந்து, "தயவுசெய்து சமையுங்கள்" என்றார்கள். மாட்டேன் என்றேன். மறுநாளும் வந்தார்கள், மாட்டேன் என்றேன். அடிப்பார்களோ என்று ஒரு கம்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அடிக்கக்கூடக் கையை மடியிலிருந்து எடுக்க வேண்டுமே.

நேற்றுதான் அந்த அநியாயம் நடந்தது. எல்லோரும் சந்து வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். மேற்பார்வைக்காரன் பாத்தியைக் காட்டினான். "தயவுசெய்து அந்த இலையைக் கொடுங்கள்."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. "தின்னா என்ன ஆகும்னு தெரியும்ல?" என்று கேட்டேன்.

"தெரியும். நாங்கள் உங்களுடையவர்கள் ஆவோம்."

"அடுப்பு பத்த வைக்கத் தெரிஞ்சா போதுமேடா! தானியம் இருக்கு, தண்ணி இருக்கு."

"அது வேலை" என்றது பெட்டி.

அக்கா, மூன்று தலைமுறை மனிதர்களை இந்த வளையத்தில் மாட்டி வைத்திருந்தார்களே, அது ஏதோ பெரிய ஆசை, பெரிய கொடூரம் என்று நினைத்து இவ்வளவு நாளும் எனக்குள் எரிந்துகொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. அடிமையாக இருக்கவும் தயார், அடுப்பு பற்றவைக்கத் தயாரில்லை. இதற்காகவா அந்த அம்மாள் ஐம்பது வருஷம் உலையில் வெந்தாள்? கம்பியை எடுத்து ஒவ்வொரு மண்டையாகப் போடலாமா என்றுகூட வந்தது.

அதைவிட மோசமான ஆசை ஒன்றும் வந்தது, மறைக்க மாட்டேன். ஆளுக்கு ஒரு இலை கிள்ளிப் போட்டால் போதும். இவர்கள் என் ஆட்கள். இவர்கள் களஞ்சியம் என்னுடையது, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆட்களும் என்னுடையவர்கள். ஒரே உத்தரவில் எல்லோரையும் விடுவித்துவிடலாம். நல்ல காரியத்துக்குத்தானே என்று இலையைக் கிள்ளியும்விட்டேன். இரண்டு இலை கையில் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடுவிக்கிறவனாக இருக்க, முதலில் நான் அவர்களுக்குச் சொந்தக்காரனாக இருக்க வேண்டும். அந்த வில்லை என் கையில் இருந்த இரவை நான் மறக்கவில்லை. இரண்டு இலையையும் நானே மென்று விழுங்கிவிட்டேன்.

"களஞ்சியச் சாவியக் குடு. அடுப்பு பத்த வைக்கச் சொல்லித் தரேன். ஒரு குச்சிகூட நான் தொட மாட்டேன்" என்றேன்.

சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்தே யோசித்தார்கள். இருட்டப் போகும் நேரத்தில் சாவி என் காலடியில் வந்து விழுந்தது. களஞ்சியக் கதவைத் திறந்து, பூட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டேன். அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து சேரட்டும். வேண்டியதை அவர்களே அள்ளிக்கொள்வார்கள், யார் கையிலிருந்தும் வாங்க வேண்டாம். சட்டப்படி அது என்ன கணக்கு என்று மேற்பார்வைக்காரனைக் கேட்டேன். சொன்னான்: "யாரும் போடாத சோறு, யாருக்கும் சொந்தமில்லாத ஆள்." கேட்டால் சொல்கிறார்கள், நீ எழுதிய மாதிரியே.

பிறகு அடுப்பு. அந்தக் கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆறு கையும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது. ஒருவன் விரலைச் சுட்டுக்கொண்டு குழந்தை மாதிரி ஊளையிட்டான். தண்ணீரை அடுப்பில் ஊற்றினார்கள், தானியத்தைத் தரையில் கொட்டினார்கள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு, 'அதை அள்ளு, இதை ஊது' என்று வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொழுது விடிகிற சமயத்தில் ஒரு கஞ்சி வந்தது. அடி பிடித்து, மேலே கல்லும் உமியும் மிதக்க.

எனக்குத் தலை சுற்றியது. ஐந்து நாள் கீரை, அக்கா. அந்தத் தீய்ந்த வாசனைக்கே வாயில் எச்சில் ஊறியது. மேற்பார்வைக்காரன் முதல் கரண்டியை அள்ளினான். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் கையால் செய்த சோறு. அதை இரண்டு கையால் தாங்கி, குனிந்து, என் முன்னால் நீட்டினான்.

"தயவுசெய்து சாப்பிடுங்கள்."

நன்றியா, பழக்கமா, தந்திரமா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். கரண்டியைப் பிடித்து அவன் வாய்ப்பக்கம் திருப்பிவிட்டேன்.

"நீயே தின்னுடா" என்றேன்.

தம்பி